புழு மாமாவின் சைலன்ஸர்

மைசூர் சமஸ்தானம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியிருந்தாலும் பட்டு உடுத்தாத வைதிக ஐயங்கார் ஒரே ஒருவர்தான் அகப்பட்டிருப்பார். அவருக்கு உத்தியோகம் பட்டு இலாகாவில்.

அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. புழு மாமா என்றால் சாமராஜபுரத்து ஜட்காக்காரர்கள் தெருப் பெயரைக்கூடக் கேட்காமல் கொண்டுபோய் விடுவார்கள். நான் அதே இலாகாவில் பயணப்படி பில் எழுதும் குமாஸ்தா. போதாக்குறைக்கு அவர் வீட்டின் மறுபாதியில் குடியிருந்தேன். பகலெல்லாம் காகிதத்தில் அவரோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் நேரில் கட்டுவேன். இத்தனைக்கும் என்னைவிட இருபது வயது பெரியவர்.

மாமாவின் வேலை இதுதான். பட்டுப்பூச்சி முட்டை ஒட்டிய அட்டைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முட்டை பொரிந்த நாளிலிருந்து புழு கூடு கட்டப் புறப்படும் நாள் வரை போய்ப் போய்ப் பார்த்து, இலை போதுமா, காற்று வருகிறதா, நோய் உண்டா என்று சொல்ல வேண்டும். இதை அவர் உத்தியோகமாகச் செய்யவில்லை, பிரசவம் பார்ப்பது போலச் செய்தார். புழுக்களை அவர் 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அவா இன்னிக்குச் சரியாச் சாப்பிடலை" என்பார். முதல் தடவை கேட்டபோது யாரோ சம்பந்தி வீட்டாரைச் சொல்கிறார் என்று நினைத்து, "என்ன குறையாம்?" என்று விசாரித்துத் தொலைத்தேன்.

புழு கூடு கட்ட ஆரம்பித்ததும் மாமா மூட்டை கட்டிவிடுவார். "ஆய்து, இனிமே எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு அந்தக் கிராமத்தை விட்டே கிளம்பிவிடுவார். காரணம், அந்தக் கூடுகள் நேரே நூலெடுக்கும் ஆலைக்குப் போகும். அங்கே கொதிக்கிற வெந்நீரில் போட்டுத்தான் நூலெடுப்பார்கள். உள்ளே தூங்குகிற ஜீவன் வெந்துபோகும். இருபது வருஷ சர்வீஸில் மாமா ஓர் ஆலைக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை.

"அப்போ நூல் எங்கேருந்து வரது மாமா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அது வேற டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார்.

ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும், எந்தச் சிராத்தம் என்றாலும் மாமா நூல் வேஷ்டிதான். சாஸ்திரிகள் முகம் சுளித்தால், "ஸ்வாமி, எனக்குப் பட்டோட பந்துத்வம். உடுத்திக்கப்படாது" என்பார். மாமியின் கூறைப்புடவை டிரங்குப் பெட்டியில் கற்பூர வாசனையோடு கிடந்தது. "பட்டு இலாகாவிலே மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிண்டுதான் எங்கப்பா என்னைக் குடுத்தார். எனக்கு வாச்சது மல்லுத்துணி" என்று மாமி என் மனைவியிடம் வாரம் ஒரு தரமாவது சொல்லி மூக்கை உறிஞ்சுவாள்.

இந்த மனுஷருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. குடகிலிருந்து சீமைக்குத் திரும்பிய காப்பித் தோட்டத் துரை ஒருவர் விட்டுப்போன வண்டி. மாமா ஏலத்தில் எடுக்கும்போதே அதற்கு வயசாகிவிட்டது. கருடன் என்று பேர் வைத்து, விளக்குக்கு மேலே திருமண் இட்டு, வெள்ளிக்கிழமை தோறும் எலுமிச்சம்பழம் காட்டினார். பஞ்சகச்சம், கறுப்புக் கோட்டு, தலையில் நூல்துணிப் பேட்டா, அந்தத் தலைப்பாகை பறக்காமல் இருக்க மோவாயைச் சுற்றி மாமியின் பழைய புடவைக் கிழிசல். கண்ணுக்கு மாட்டுக்கண் அளவில் ஒரு கண்ணாடி. இந்தக் கோலத்தில் அவர் நரசீபுரம் பாதையில் போகும்போது எதிரே வருகிற மாட்டு வண்டிக்காரர்கள் தாங்களாகவே வயலில் இறங்கி வழிவிடுவார்கள்.

கருடன் ஒரு தரம் அவர் மேலேயே படுத்துவிட்டதில் இடது கால் எலும்பு முறிந்து, கோணலாகக் கூடி, சற்றுக் குட்டையாகிவிட்டது. "கால்தான் வழுக்கித்து. அவன் மேலே தப்பில்லை" என்று வண்டிக்கு வக்காலத்து வாங்கினார். அதற்கப்புறம் அவரால் சைக்கிள் மிதிக்க முடியாது, நெடுந்தூரம் நடக்கவும் முடியாது. கருடன் இருந்தால்தான் கிராமம். இலாகாவில் பெரியவர்கள் இரக்கப்பட்டு, பெங்களூரில் நாற்காலி உத்தியோகம் தருகிறோம், எழுதிக் கொடுத்தால் போதும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நாற்காலியை என்னத்தைத் தொட்டுப் பார்க்கறது? அதுக்கு ஜுரம் வருமா?" என்று மாமா மறுத்துவிட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் கருடனின் சைலன்ஸர் துருப்பிடித்தது.

துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? கொதிக்கக் கொதிக்க ஓட்டிக்கொண்டு போய்க் கபினி ஆற்றுத் தண்ணீரில் இறக்குவார். முதலில் கடுகு அளவு ஓட்டை. அப்புறம் துவரம்பருப்பு. அப்புறம் சோழி. மாமா மைதாமாவைப் பிசைந்து அப்பினார், ஈரச் சாக்கைச் சுற்றினார். ஒருநாள் வருணா கிராமம் தாண்டி மொத்தச் சைலன்ஸரும் கழன்று விழுந்துவிட்டது. விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. சத்தம் கூடியதை, கருடனுக்கு இளமை திரும்பிவிட்டது என்று எண்ணிக்கொண்டாராம். ஓர் ஆட்டுக்காரர் அந்தத் துருக்கூட்டைக் கோலில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தார்.

சைலன்ஸர் இல்லாத கருடன் எப்படிக் கத்தும் என்று கேட்டால், தசராவுக்குப் போடுகிற பீரங்கிதான். பீரங்கிக்காவது கணக்கு உண்டு. எங்கள் தெருவில் மாமா வண்டியைக் கிளப்பினால் பால்காரர் மாட்டைப் பிடித்துக்கொள்வார், என் மனைவி ஊறுகாய் ஜாடியைப் பிடித்துக்கொள்வாள்.

அந்தச் சமயம் பார்த்து நரசீபுரம் பக்கத்தில் மாதம்மாவின் புழுக்கள் நாலாம் தூக்கத்திலிருந்து விழித்திருந்தன. பட்டுப்புழு நாலு தரம் தூங்கித் தோலுரிக்கும். நாலாம் தூக்கம் கலைந்தால் எட்டு நாள் ஓயாமல் தின்னும், பிறகு கூடு கட்டும். இந்த எட்டு நாளில் ஏதாவது நேர்ந்தால் அத்தனை நாள் பாடும் குப்பைக்குழிக்குத்தான். மாதம்மா கொள்ளேகால் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் பட்டாளத்தில் இருந்தான். கைக்குழந்தையோடு தனியாகப் புழு வளர்த்தாள். அந்தத் தடவை மாமா ஒரு புது ஒட்டுரக முட்டையைக் கொண்டுபோய், "நான் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்த்துக்கறேன், நீ பயப்படாதே" என்று வாக்குக் கொடுத்து அவள் கையில் வைத்திருந்தார். ஊரில் வேறு யாரும் அதைத் தொடவில்லை. மாதம்மா மட்டும் அவரை நம்பி வாங்கினாள்.

அன்றைக்கு நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பில்லில் மைல் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று நான் வாயைத் திறந்ததற்கு, "நீயே வந்து அளந்துக்கோ" என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கிராமத்துக்கு ஒரு மைல் இருக்கும்போதே, மைல்கல் பக்கத்தில் மாதம்மா நடுப் பாதையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, அங்கயே நிறுத்துங்க. வண்டிய ஊருக்குள்ள கொண்டாராதீங்க."

"ஏன் மாதம்மா? என்ன ஆச்சு?"

"முந்தாநேத்து நீங்க வந்தப்போ எல்லாப் புழுவும் எலைய உட்டுப்போட்டுத் தலையத் தூக்கிட்டு நின்னுதுங்க. ஒரு நாழி வாய் வைக்கலீங்க."

"நான் வந்து பார்க்காட்டா எப்படிம்மா?"

"நீங்கதானுங்க சொன்னீங்க, கடைசிப் பசியில சத்தம் ஆவாதுன்னு. எங்கூட்டுல இப்ப ஒலக்கை போடறதில்லீங்க, தாளிக்கறதில்லீங்க. கொழந்தை அழுதா வாய்க்காலுக்குத் தூக்கிட்டுப் போயிடறேனுங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க உடறது?"

அந்தச் சட்டம் மாமா போட்டதுதான். கிராமம் கிராமமாகப் போய், புழு வீட்டுப் பக்கம் பீடி கூடாது, செருப்புச் சத்தம் கூடாது, சண்டை போட்டால் மந்தைவெளிக்குப் போய்ப் போடுங்கள் என்று மிரட்டி வைத்திருந்தார். இப்போது அவர் கட்சிக்காரியே அவரை மறித்துவிட்டாள். கோபித்துக்கொள்வாரென்று பார்த்தால், மனுஷர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பார்த்தியாடா குமாஸ்தா, எவ்வளவு சமத்து" என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

கருடனை அங்கேயே விட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு மைல் நொண்டி நடந்தார். திரும்பவும் ஒரு மைல். வீடு வந்து சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. மாமி ஒற்றடம் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் கருடனைக் கபினியில் இறக்கித் துருப்பிடிக்க வைத்தவன் போலிருந்தது.

புது சைலன்ஸருக்கு பெங்களூர் மோட்டார்க் கடைக்கு எழுதிப் போட்டார். சண்டைக் காலம், கப்பலில் குண்டுதான் வருகிறது, குழாய் வருவதில்லை, பழசு ஒன்று இருக்கிறது, விலை இன்னது என்று பதில் வந்தது. அந்த விலைக்கு இன்னொரு கருடனே வாங்கலாம். மாமா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "சொல்ப யோசனை பண்ணினா சல்லிசா முடிச்சுடலாம்" என்றார். அவர் யோசனை பண்ணுகிறேன் என்றால் நான் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் யோசனை, மண்டி மொஹல்லாவில் ஒரு தகர வேலைக்காரர். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, உருட்டி, உள்ளே இரண்டு தடுப்பு வைத்து, ஈயம் பற்ற வைத்து ஒரு சைலன்ஸர் செய்து கொடுத்தார். தங்கப் பூண் மாதிரி மினுமினுத்தது. மாட்டிக் கிளப்பினால் சத்தம் பாதிகூட இல்லை. மாமா அவருக்குத் தேங்காய் பழம் வைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் வெற்றி வீரர்களாகக் கிளம்பினோம். ஐந்தாவது மைலில் என் செருப்பின் மேல் ஏதோ சூடாகச் சொட்டியது. குனிந்து பார்த்தேன். ஈயம் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. முதலில் மூடி போயிற்று, பிறகு தடுப்புகள், கடைசியாக டின் படாரென்று விரிந்து பாதையோரம் படுத்துவிட்டது. என் செருப்பில் விழுந்த ஓட்டை வழியாகப் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

தகர வேலைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் நிதானமாக, "நான் எண்ணெய் வைக்கற டப்பா பண்றவன் சாமி. இதை அடுப்புல ஏத்தப் போறேன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

அன்றைக்கும் மாமா மைல்கல்லிலிருந்து நடந்தார். வேண்டாம் என்றேன், கெஞ்சினேன், பில்லில் கை வைப்பேன் என்றுகூட மிரட்டினேன். "வாக்குக் குடுத்திருக்கேண்டா" என்று நடந்துகொண்டே இருந்தார். இந்தத் தடவை டாக்டரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு தரம் இப்படி நடந்தால் இந்தக் காலை மறந்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமி அழவில்லை. நேராக என் பக்கம் வந்தாள். "ஏண்டாப்பா, பெங்களூர் உத்யோகத்துக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. நல்ல இங்கிலீஷா இருக்கட்டும்" என்றாள். எழுதினேன். அதை மாமாவின் பூஜைப் பெட்டி மேல் வைத்துவிட்டு மாமி சொன்னாள்:

"சனிக்கிழமை வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள வண்டி சத்தமில்லாம அந்தப் பொண்ணு ஆத்து வாசல் வரைக்கும் போகணும். போகலைன்னா இதுல கையெழுத்துப் போடுங்கோ. எனக்கு உங்க கால் வேணும். உங்க புழு வேண்டாம்."

மாமா தலையை மட்டும் ஆட்டினார். மாமி அப்படிப் பேசி அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இரண்டாவது யோசனையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது அடைக்கிறது. மாமாவின் காலைக் கட்டிலில் நீட்டி வைத்துவிட்டு, நான்தான் அவர் சொன்னபடி அலைந்தேன். கல்யாண பாண்டுக்காரர் ஒருவரிடம் நசுங்கிப்போன பித்தளை ஊதுகுழல் ஒன்று இருந்தது. தாமரைப்பூ வாய், யானைத் துதிக்கை உடம்பு. ஒரு மூட்டை நெல்லுக்கு அதைப் பேசி முடித்து வாங்கிவரச் சொன்னார்.

"மாமா, இது சத்தம் போடறதுக்குன்னே பண்ணினது."

"அசடு. சத்தம் வேற, நாதம் வேற. படபடன்னு வெடிச்சாத்தான் அவாளுக்குப் பயம். மதுரமா ஒரே ஸ்வரத்துல வந்தா சாப்பாடு இன்னும் ஒரு பிடி கூடத்தான் இறங்கும். நீ சங்கீதம் கேட்டுண்டே சாப்பிட்டதில்லையா?"

கம்பி போட்டு இறுக்கி மாட்டினோம். மாமா கட்டிலிலிருந்து எழுந்து வந்து ஒரு உதை உதைத்தார். பூம்ம்ம் என்று புறப்பட்டது பாருங்கள், அந்தத் தெருவில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு ஸ்வரம். தாமரைப்பூ வழியாக நீலப் புகை பொங்கியது. நாலு வீடு தள்ளி இருந்தவர்கள் மாப்பிள்ளை அழைப்பு வருகிறதென்று வாசலுக்கு ஓடி வந்தார்கள். அடுப்படியிலிருந்து மாமி, "யாராத்துல ஜானவாசம்?" என்று கேட்டாள். எதிர்வீட்டு வீணை வாத்தியார் கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு, "அரை ஸ்வரம் கம்மியா இருக்கு" என்றார். மாமா வண்டியை நிறுத்தினார். ஊதுகுழலைத் தானே கழற்றினார். "இதை அவாகிட்டக் கொண்டுபோகப்படாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் மறுபடியும் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கு வியாழக்கிழமை. மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் சிரிக்கலாமென்றுதான் பின்னாலேயே போனேன். சிரிப்பு வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாக என் மேஜை மேல் ஒரு பட்டியல் கிடந்தது. ஊருக்கு வெளியே ஒரு நூலெடுக்கும் ஆலையில் பழைய நீராவிக் குழாய்களைக் கழித்துக் கட்டியிருந்தார்கள். கெட்டி இரும்பு. வெந்நீர்த் தொட்டிக்குள் ஆவி விடுவதற்காக உடம்பெல்லாம் ஓட்டை போட்ட குழாய்கள். பழைய இரும்பு விலைக்கு யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆலையின் பாய்லர் மேஸ்திரி எனக்குத் தெரிந்தவர். வண்டியைக் கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்தில் பொருத்தித் தருகிறேன் என்றார். ஆனால் ஆலை என்ற சொல்லை மாமாவிடம் எந்த வாயால் சொல்வது? மாமியிடம் சொன்னேன். மாமி நேரே போய்ச் சொல்லிவிட்டாள்.

மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "வேண்டாம்" என்றார்.

"அப்போ கையெழுத்துப் போடுங்கோ."

"நான் போய் வாங்கிண்டு வரேன் மாமா" என்றேன். அதுவும் நடக்காது என்று எனக்கே தெரியும். வண்டியில் வைத்து அளந்துதான் வெட்ட வேண்டும். கருடனோ அவர் ஒருவர் உதைக்கு மட்டும்தான் மசியும்.

மாமா பூஜைப் பெட்டி மேலிருந்த கடிதத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "மாதம்மா ஆத்துல நாளன்னிக்குக் கூடு கட்டிடுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கட்டறதுக்கு முன்னாடி ஒரு தரமாவது பார்க்கணும். பயந்துண்டிருப்பா அந்தப் பொண்ணு." பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வாடா, போகலாம்."

மறுநாள் காலையில் போனோம். மேஸ்திரியின் உலை ஆலைக்குப் பின்கட்டில் இருந்தது. கருடனைப் பக்கத்துச் சந்து வழியாக இரண்டு ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சந்தில் ஒரே சேறு. மாமாவின் கால் வழுக்கினால் முடிந்தது கதை. மேஸ்திரி, "நீங்க கூடத்து வழியா வந்துடுங்க சாமி" என்றார். கூடத்தில்தான் வெந்நீர்த் தொட்டிகள் வரிசையாக இருந்தன.

"நான் கண்ணை மூடிண்டுடறேன். நீ கையைப் பிடிச்சுக் கூட்டிண்டு போ" என்றார் மாமா. நாற்பத்தெட்டு வயசுப் பெரிய மனுஷர், பேட்டாவும் கோட்டுமாக, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பற்றி நடந்தார். தொட்டிகளின் முன் உட்கார்ந்திருந்த பெண்கள், பாவம், கண் தெரியாதவர் என்று உச்சுக் கொட்டினார்கள். கண்ணை மூடிவிடலாம், மூக்கை என்ன செய்வது? வெந்த புழுவின் வாசனை அங்கே சுவரெல்லாம் ஊறியிருந்தது. பாதிக் கூடத்தில் அவர் நடை தயங்கியது. நான் வேகமாக இழுத்தேன். அவர் நின்றுவிட்டார், கண்ணைத் திறந்துவிட்டார்.

எதிரே ஒரு பெண் கொதிநீரில் மிதக்கும் கூடுகளிலிருந்து நூலை எடுத்து ராட்டையில் விட்டுக்கொண்டிருந்தாள். மாமா குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். பிறகு கன்னடத்தில், இது எந்த ஊர்க் கூடு என்று கேட்டார். அவள் சொன்ன ஊர் மாமா போய்வரும் ஊர்தான். முந்தின மாதம் அவரே முட்டை கொடுத்த ஊர்.

அந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. தலை நிமிராமல் சொல்லிக்கொண்டே போனாள். இந்தக் கூடு வந்தால் எங்களுக்குச் சந்தோஷம் ஐயா, காலையிலிருந்து ஒரு தரம்கூட நூல் அறவில்லை, கையும் அவ்வளவாக வேகவில்லை, யாரோ பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள் என்றாள். அவளுடைய விரல் நுனிகள் வெந்நீரில் ஊறி வெளுத்து வெடித்திருந்தன. மாமா அதையும் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். தொட்டியைக் கும்பிட்டாரா, அவளைக் கும்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் கட்டியிருந்த துணியை நனைத்தது. மீதிக் கூடத்தைக் கண்ணைத் திறந்துகொண்டே நடந்து கடந்தார்.

மேஸ்திரி கெட்டிக்காரர். ஓட்டைக் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியை அடைத்து, அதைவிடப் பருமனான குழாய்க்குள் நுழைத்து, இரு பக்கமும் இரும்பு வில்லை வைத்து மூடினார். ஈயம் கியம் ஒன்றும் கிடையாது, பட்டையும் நாலு போல்ட்டும்தான். "ஆவி மொத்தமா வந்தாத்தான் சாமி கத்தும். பிச்சுப் பிச்சு வந்தா முணுமுணுப்போட போயிடும்" என்றார். மாமா உதைத்தார். அடுப்பில் அரிசி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இரும்புக்கு உண்டான சில்லறையை வாங்கிக்கொண்டு, கூலி வேண்டாம், பாய்லருக்கு ஒரு தேங்காய் உடையுங்கள் போதும் என்றார் மேஸ்திரி. மாமா இரண்டு உடைத்தார்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். கையெழுத்தில்லாத கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. சரிப்படவில்லையென்றால் அங்கேயே போட வைத்து அப்படியே தபாலில் சேர்த்துவிட வேண்டுமென்று மாமியின் உத்தரவு. மைல்கல்லில் மாதம்மா நின்றிருந்தாள்.

"கேட்டுப் பாரும்மா" என்றார் மாமா.

அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். நம்பவில்லை. "மெல்ல வாங்க சாமி. நான் கை தூக்குனா நிறுத்திப்போடணும்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் நடந்தாள். ஒரு மைல் தூரமும் அவள் முன்னே நடக்க, கருடன் பின்னால் ஊர்ந்தது. அவள் ஒவ்வொரு தரம் தலையைச் சொறியக் கையெடுத்தபோதும் எனக்கு மூச்சு நின்று வந்தது. வீட்டு வாசலில் எங்களை நிறுத்தி, வண்டியை ஓடவிட்டபடியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாமா கைப்பிடியை விடாமல் நின்றார். கால் வலித்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது.

மாதம்மா வெளியே வந்தாள். "ஒண்ணுகூடத் தலையத் தூக்கலீங்க. அதுங்க பாட்டுக்குத் தின்னுட்டு இருக்குதுங்க. உள்ள வாங்க சாமி."

நான் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்தேன். நல்ல இங்கிலீஷ். போகட்டும்.

உள்ளே தட்டுத் தட்டாகப் புழு. இலை தின்கிற சத்தம் ஓலைக்கூரையில் மழை தூறுவது போலக் கேட்டது. மாமா ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார். நோய் இல்லை, சோர்வு இல்லை, கொழுகொழுவென்று இருந்தன. முதல் தட்டில் சில புழுக்கள் தீனியை நிறுத்தி உடம்பு மஞ்சளோடிக் கண்ணாடியாகியிருந்தன. கூடு கட்டப் புறப்பட்டவை. மாதம்மா அவற்றைப் பொறுக்கி, மூங்கிலில் சுருள் சுருளாகப் பின்னிய வட்டத் தட்டில் விட ஆரம்பித்தாள். அதில்தான் கூடு கட்டும்.

நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். மாமா கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நோகிற காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தாமும் ஒவ்வொரு புழுவாக எடுத்து மூங்கில் தட்டில் விட்டார். விடும்போதெல்லாம் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். எண்ணவில்லை.

"போயிட்டு வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிடமும் தனித்தனியாக. "போயிட்டு வா."

மாதம்மா கேட்டும் கேட்காதது போலத் தன் வேலையைப் பார்த்தாள். எனக்கு அந்த மனுஷரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குமாஸ்தாவுக்கு அதெல்லாம் வராது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு புழுவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.